நூற்றிருபது, எண்பது

புஸ், புஸ், புஸ்.

பிறகு ஒன்றுமில்லை.

பிறகு நீளமாக, மெதுவாக, ஒரு சீறல்.

"சிஸ்டர், பாம்பு," என்றார் ஞானதுரை.

இருட்டி அரைமணி ஆகியிருந்தது. மாணவிகள் நாலரைக்கே வீட்டுக்குப் போய்விட்டார்கள். சத்தம் வந்தது செய்முறை அறையிலிருந்து. அந்த அறையில் இரண்டு கட்டில்களும் ஒரு பொம்மை நோயாளியும் ஓர் அலமாரியும் தவிர வேறொன்றும் கிடையாது.

சிஸ்டர் பிரகாசி முற்றத்தில் நின்று காது கொடுத்தார்.

"அடிக்க வேண்டாம் சார். எண்ணுங்க."

"எதை?"

"சீறலை."

ஞானதுரை எண்ணினார். பதினொன்று வரை வந்தது.

"பாம்பு பதினோரு தடவை சீறுமா சார்?"

"ஒரு தடவை சீறும். அப்புறம் ஓடும்."

"இது ஓடலையே."

ஞானதுரை இருபத்தோரு வருடம் ராணுவ மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, ஜூலையில்தான் இந்தச் சமுதாயக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெண்களுக்கு, ஒரு வருடத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கற்றுக்கொடுக்கும் கல்லூரி அது. கன்னியாஸ்திரியான சிஸ்டர் பிரகாசி அதன் பொறுப்பாளர். ஞானதுரை அவரைவிடப் பதினேழு வயது மூத்தவர்.

ஆனாலும் கேள்வி கேட்பது எப்போதும் ஞானதுரையாகவும் வழி சொல்வது சிஸ்டராகவும்தான் இருக்கும்.

அன்று அவர் கேட்கவில்லை. கம்பை எடுத்துக்கொண்டு போய்க் கதவைக் காலால் தள்ளி, டார்ச்சை அடித்தார்.

"யாரு?"

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மாணவி தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை. வலது கையில் காற்றடிக்கும் ரப்பர் குமிழ். காதில் ஸ்டெதஸ்கோப். மடியில் கைபேசி, அதன் வெளிச்சம் முள் ஆடும் வட்டத்தின் மேல்.

இசக்கியம்மாள்.

அவள் பட்டையைக் கர்ரென்று பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். செருப்பைக்கூட மாட்டவில்லை.

சிஸ்டர் ஒன்றுதான் சொன்னார்.

"டார்ச்சை அணைங்க சார்."

*

மறுநாள் இசக்கி வரவில்லை.

அதற்கு மறுநாளும் வரவில்லை.

ஞானதுரை அலுவலக அறைக்கு வந்து நின்றார்.

"நான் திட்டக்கூட இல்லை சிஸ்டர். யாருன்னு கேட்டேன். அவ்வளவுதான்."

"ம்."

"ஜூலையில இருபத்தி நாலு பேர் சேர்ந்தாங்க. இப்ப நவம்பர். பதினஞ்சு பேர் இருக்காங்க. இசக்கியும் போயிட்டா பதினாலு."

"ஏன் போனாங்க?"

"ஒருத்திக்குக் கல்யாணம். ஒருத்திக்கு மாமியாருக்கு உடம்பு சரியில்லை. ஒருத்தி வீடு மாறிட்டாளாம்."

"அது அவங்க சொன்ன காரணம்."

ஞானதுரை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வர்ற திங்கட்கிழமை எல்லாரும் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகணும். பிபி பாக்கத் தெரியாதவளை வார்டுல சேர்க்க மாட்டாங்க. வார்டு இல்லைன்னா இந்த வருஷமே இல்லை. சர்ட்டிபிகேட் கிடையாது, வேலை கிடையாது. சேர்ந்ததே வீண். நான் என்ன சிஸ்டர் செய்யட்டும்? கஷ்டமான வேலையா அது? பட்டையைச் சுத்து. காத்தடி. மெல்ல இறக்கு. காதுல ஒரு தட்டல் ஆரம்பிக்கும், அது மேல் எண். தட்டல் நிக்கும், அது கீழ் எண். ஒரு குழந்தைகூடச் செய்யும்."

"இவங்க செய்யலையா?"

"செய்யுறாங்களே! என் கையை நீட்டுறேன். எனக்கு நூத்தி நாப்பதுக்குக் கீழ இறங்கினதே கிடையாது, மாத்திரை சாப்பிடுறேன். பதினஞ்சு பேரும் பாத்தாங்க. பதினஞ்சு பேரும் சொன்னது என்ன தெரியுமா? நூத்திருபது, எண்பது. புத்தகத்துல நாலாம் பக்கத்துல இருக்கிற எண்! இந்த ஊர்ல யாருக்குமே பிரஷர் இல்லையாம்மான்னு கேட்டேன். கடைசி வரிசையில ஒருத்தி சொல்றா, சார் எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்னு."

சிஸ்டர் சிரித்தார்.

"சிரிக்காதீங்க சிஸ்டர். இப்படிப் பொய் சொல்றவங்க கையில எப்படி ஒரு நோயாளியைக் கொடுக்கிறது? அதனாலதான் போர்டுல எழுதினேன்."

"என்ன எழுதினீங்க?"

"பொய் சொன்னவர்கள்னு தலைப்புப் போட்டு, பதினஞ்சு பேர் பேரையும்."

"முதல் பேர் யாருது?"

ஞானதுரை கொஞ்சம் யோசித்தார்.

"அகர வரிசை சிஸ்டர். இசக்கியம்மாள்."

சிஸ்டர் மேசைக்குள்ளிருந்து ஒரு தூக்குச் சட்டியை எடுத்துத் திறந்தார். கை முறுக்கு. ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கிய கயிறு மாதிரி ஒரே அளவில் வரி.

"சாப்பிடுங்க."

ஞானதுரை ஒன்றைக் கடித்தார். கோபத்திலும் அது நன்றாகத்தான் இருந்தது.

"யார் போட்டது?"

"இசக்கி. காளியம்மன் கோயிலுக்குப் பின்னால ஒரு கொட்டகையில காலையில அஞ்சு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் முறுக்கு சுத்துறா. அப்புறம்தான் இங்க வருவா."

"சரி சிஸ்டர். போய்க் கையோட கூட்டிட்டு வாரேன்."

"கூப்பிடக் கூடாது."

"பின்னே?"

"முறுக்கு சுத்தக் கத்துக்கிட்டு வாங்க. ஒண்ணு போதும். நீங்க சுத்தின ஒரு முறுக்கு, எனக்கு."

"சிஸ்டர், நான் பிபியைப் பத்திக் கேட்டேன்."

"ஆமா சார். நாளைக்கு அஞ்சு மணிக்கே போயிடுங்க. லேட்டா போனா மாவு தீர்ந்துரும்."

*

கொட்டகையில் ஏழு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெள்ளைத் துணி. ஓரத்தில் எண்ணெய்ச் சட்டி கொதித்தது. அதன் பக்கத்தில் கொட்டகைக்காரி தங்கபுஷ்பம், கையில் நீளமான கம்பியோடு.

"ஏட்டி இசக்கி, ஒங்க மில்ட்ரி வாத்தியாரு வந்திருக்காவ பாரு."

இசக்கி தலை நிமிரவில்லை. அவள் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாவை முறுக்கி முறுக்கி விட, அது துணியில் தானாகச் சுற்றிப் படுத்தது.

"முறுக்கு சுத்தக் கத்துக்கணும்," என்றார் ஞானதுரை.

ஏழு பேரும் கையை நிறுத்தினார்கள்.

"எதுக்கு சார்? பென்சன் பத்தலையா?"

"யக்கா, சும்மா இரி. சார், இங்கன இரிங்க. வேட்டியில மாவு ஒட்டும், பரவாயில்லையா?"

"பரவாயில்லை."

ஒரு உருண்டை மாவைக் கொடுத்தார்கள். அவர் விரலில் எண்ணெய் தடவிக்கொண்டார். முறுக்கினார். மாவு அரை சுற்றில் அறுந்தது.

"இறுக்கிப் பிடிக்காதீங்க சார், அது என்ன துப்பாக்கியா?"

மறுபடி. முக்கால் சுற்று. அறுந்தது.

"சார் மண்புழு போடுதாவ."

"இல்லட்டி, கேள்விக்குறி."

ஏழு பேரும் சிரித்தார்கள். தங்கபுஷ்பம் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். ஞானதுரைக்குக் காது சுட்டது. வெடிகுண்டில் கை போனவனுக்குக் கட்டுப் போட்ட விரல்கள் இப்போது ஓர் உருண்டை மாவிடம் திணறின. எதிரே எத்தனை கண்கள் என்று அவர் எண்ணாமலே எண்ணினார். தங்கபுஷ்பத்தோடு சேர்த்துப் பதினாறு.

ஒன்பதாவது தடவை ஏதோ ஒன்று மூன்று சுற்று வந்தது. தங்கபுஷ்பம் அதைக் கரண்டியால் அள்ளி எண்ணெயில் போட்டாள். அது நாலாகப் பிரிந்து நாலு திசைக்கும் போயிற்று.

"அய்யோ பாவம்," என்றாள் ஒருத்தி.

மணி ஏழரை. வெந்த முறுக்குகள் மூங்கில் சுளகில் குவிந்திருந்தன. பெண்கள் எழுந்து கை கழுவப் போனார்கள்.

ஞானதுரை சுளகைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மேலாக இருந்த ஒரு முறுக்கை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

நிமிர்ந்தபோது இசக்கி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சுளகின் மேல் துணியை இழுத்து மூடினாள்.

*

"கொண்டு வந்தீங்களா சார்?"

ஞானதுரை கைக்குட்டையை மேசையில் விரித்தார்.

சிஸ்டர் முறுக்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க சுத்தினதா?"

"ஆமா சிஸ்டர்."

"ஒரே நாள்லயா?"

"கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்தது."

"அஞ்சு சுத்து. ஒரு சுத்துகூடக் கோணலை." சிஸ்டர் அதை இரண்டாக உடைத்தார். ஒரு பாதியைக் கடித்து, மென்று, விழுங்கினார். மறு பாதியை அவர் முன்னால் வைத்தார்.

"நூத்திருபது, எண்பது," என்றார்.

வெளியே முதல் மணி அடித்தது.

ஞானதுரை அந்தப் பாதி முறுக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இரண்டாவது மணி அடித்தது. அதற்கும் அவர் எழுந்திருக்கவில்லை. வகுப்புக்கு அவர் தாமதமாகப் போனது அன்றுதான் முதல் தடவை.

*

மறுநாள் காலை நாலே முக்காலுக்கே அவர் கொட்டகை வாசலில் நின்றார். இசக்கி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் இன்னும் வரவில்லை.

"இசக்கி, நேத்து நான் எடுத்துட்டுப் போனது நான் சுத்தின முறுக்கு இல்லை."

"தெரியும் சார். நான் சுத்தினது."

"ஏன் சொல்லலை?"

"வந்த அன்னைக்கே எப்படி சார் வரும்?"

அவள் மாவில் தண்ணீர் தெளித்தாள்.

"எனக்கு முதல் முறுக்கு வர ஒரு மாசம் ஆச்சு. அறுந்து அறுந்து விழும். விழுந்ததை எடுத்துத் திரும்பப் பிசைவேன். தங்கபுஷ்பம் அக்கா வாய் நிறையக் கேலி பண்ணுவாவ. ஆனா அறுந்துச்சா, காட்டுன்னு கேப்பாவ. காட்டுவேன். விரலைப் பிடிச்சுச் சரி பண்ணுவாவ. யாரும் போர்டுல பேரு எழுதலை சார்."

ஞானதுரை தரையில் உட்கார்ந்தார். வேட்டியைப் பற்றி யோசிக்கவில்லை.

"அந்த ஸ்டெத்து இருக்குல்லா சார்? அது எனக்கு ஒண்ணுமே சொன்னது கிடையாது. நாலு மாசமா. ஒரு நாள்கூட. பக்கத்துல உள்ளவ நூத்திருபதுன்னு சொல்லுதா, அடுத்தவ சொல்லுதா. அவியளுக்கெல்லாம் கேக்குது, எனக்கு மட்டும் கேக்கலை, என் காதுலதான் கோளாறுன்னு நெனச்சேன். அதான் இருட்டுல வந்து உக்காந்து பாத்தேன். அப்பவும் கேக்கலை."

"உன் காதுக்கு என்ன? நான் மெதுவாப் பேசுறது கேக்குதுல்ல?"

"அது கேக்குது. அது கேக்கலையே சார்! காது சரியில்லாதவளை எந்த ஆஸ்பத்திரியில வச்சுக்கிடுவாங்க? படிக்கப் போறேன்னு வீட்டுல அவ்வளவு சண்டை போட்டு வந்திருக்கேன். எம்பிள்ளைகிட்ட, அம்மா வெள்ளைக் கோட்டு போடப் போறேன்னு சொல்லி வச்சிருக்கேன். அது பால்வாடியில எல்லார்ட்டயும் சொல்லிட்டு அலையுது."

மாவுக் கையால் மூக்கைத் துடைத்தாள். மூக்கில் மாவு ஒட்டிக்கொண்டது.

"நீங்க டார்ச்ச அடிச்சீங்கல்லா? அன்னைக்கே முடிஞ்சு போச்சுன்னு நெனச்சுட்டேன்."

"இன்னைக்கு வா."

"வந்து?"

"இப்ப என்கிட்ட சொன்னியே, அதை வகுப்புல சொல்லு. கேக்கலைன்னு சொல்லு."

"சொன்னா சிரிப்பாவ."

"நேத்து என்னைப் பாத்து ஏழு பேர் சிரிச்சாங்க. எட்டாவதா தங்கபுஷ்பம்."

இசக்கிக்கு அடக்க முடியவில்லை. "மண்புழு," என்றாள்.

*

அன்று வகுப்புக்குள் வந்தவர்கள், இசக்கியும்தான், வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

போர்டில் பழைய தலைப்பு அப்படியே இருந்தது. பொய் சொன்னவர்கள். கீழே பதினைந்து பெயர்கள். அதற்கும் கீழே, சாக்பீஸ் தூள் இன்னும் உதிராத எழுத்தில், பதினாறாவதாக ஒன்று.

ஞானதுரை.

"சார், உங்க பேரு..."

"ஆமா. உக்காருங்க. சொல்றேன்."

அவர் முறுக்குக் கதையைச் சொன்னார். அரை சுற்றைச் சொன்னார், முக்கால் சுற்றைச் சொன்னார், நாலு திசைக்கும் போனதைச் சொன்னார். கைக்குட்டையைச் சொன்னார். வகுப்பு முதலில் சிரித்தது. கைக்குட்டை வந்தபோது சிரிப்பு நின்றது.

பிறகு அவர் தலைப்போடு சேர்த்து எல்லாவற்றையும் அழித்தார்.

"இப்ப ரெண்டு ரெண்டு பேரா உக்காருங்க. பிபி பாருங்க. தட்டல் கேட்டா இந்த நோட்டுல எண்ணை எழுதுங்க. கேக்கலைன்னா கேக்கலைன்னு எழுதுங்க. நான் வெளிய மரத்தடியில இருக்கேன்."

அரைமணி கழித்து அவர் வந்து நோட்டை எடுத்தார்.

கேக்கலை.

கேக்கலை.

கேக்கலை.

பக்கம் முழுவதும் அதுதான். ஒரே ஒருத்தி மட்டும், லேசா ஏதோ கேட்டது, ஆனா எப்ப நின்னதுன்னு தெரியலை என்று எழுதியிருந்தாள்.

ஞானதுரை ராணுவத்தில் இரண்டு பதக்கம் வாங்கியவர். அந்த நோட்டை அன்று சிஸ்டரிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது அவர் முகம் இருந்த மாதிரி, பதக்கம் குத்திய அன்று எடுத்த போட்டோவில்கூட இல்லை.

அதற்கு முன் அவர் ஒவ்வொரு பெஞ்சாகப் போனார். மூன்று பேர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் பின்பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தார்கள். இரண்டு பேர் பட்டையைப் புடவை முந்தானைக்கு மேலேயே சுற்றியிருந்தார்கள். ஒருத்தி காற்றை ஒரே மூச்சில் இறக்கினாள். நாலு மாதத்தில் யாரும் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை.

கடைசியில் இசக்கி.

"காட்டு," என்றார்.

அவள் மாட்டியது சரி. சுற்றியது சரி. இறக்கியதும் சரி. முழங்கை மடிப்பில் வைத்த இடமும் சரி. அவர் ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தைக் கையில் எடுத்து, விரலால் தட்டினார்.

"கேக்குதா?"

"இல்லை."

அந்த வட்டத்துக்கு இரண்டு முகம். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது அடைபட்டிருக்கும். அவள் நாலு மாதமாக அடைபட்ட முகத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கட்டை விரலால் அதை அரை வட்டம் திருப்பினார். டிக்.

"இப்ப பாரு. என் கையில."

அவள் காற்றடித்தாள். மெல்ல இறக்கினாள். முள் இறங்கியது. நூற்று அறுபது. நூற்று ஐம்பது.

இசக்கியின் கை நின்றது.

"சார்."

"ம்?"

"உள்ள யாரோ நடக்காங்க சார்."

*

சனிக்கிழமை தேர்வு. திங்கட்கிழமை வார்டுக்குப் போகிறவர்களின் பட்டியலில் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டு இரண்டு பேராக வந்தார்கள். ஒருத்தி மற்றவளுக்குப் பார்ப்பாள். பிறகு ஞானதுரை பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

"நூத்திப் பத்து, எழுபது."

"சரி."

"தொண்ணூத்தாறு, அறுபது. சார், இவ காலையில சாப்பிடலை."

"சரி. சாப்பிடச் சொல்லு."

"நூத்தி முப்பத்தி ரெண்டு, எண்பத்தி நாலு."

"சரி."

பதினாலு பேருக்கும் முடிந்தது. இசக்கி மட்டும் மிச்சம். அவளுக்கு ஜோடி இல்லை.

சிஸ்டர் பிரகாசி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அங்கியின் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

வகுப்பு முழுவதும் சுற்றி நின்றது.

இசக்கி பட்டையைச் சுற்றினாள். காற்றடித்தாள். இறக்கினாள். முகம் வெளுத்தது. ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தாள்.

யாரோ பின்னாலிருந்து மெல்ல, "நூத்திருபதுன்னு சொல்லிருட்டி," என்றார்கள்.

"கேக்கலை சிஸ்டர்," என்றாள் இசக்கி. சத்தமாகத்தான் சொன்னாள். "என் நெஞ்சு அடிக்கிறதுதான் கேக்குது. ரெண்டு நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பாக்கட்டுமா?"

"பாரு."

இரண்டு நிமிடம். மறுபடி பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"கேட்டுச்சா?" என்றார் ஞானதுரை.

"கேட்டுச்சு. ஆனா இன்னொரு தடவை பாக்கணும்."

"ஏன்?"

"சரியாத்தான் கேட்டேனான்னு பாக்கணும் சார்."

மூன்றாவது தடவை. அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. முள்ளையே பார்த்தாள். காற்று முழுவதும் இறங்கும் வரை காத்திருந்தாள்.

"நூத்தி அறுபத்தெட்டு," என்றாள். "நூத்தி நாலு."

வகுப்பில் ஒரு சலசலப்பு.

"சிஸ்டருக்கா? ஏட்டி, என்ன சொல்லுதே?"

"போன மாசம் சிஸ்டர் கையில நான் பாத்தேனே..." என்று ஆரம்பித்த ஒருத்தி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஞானதுரை இசக்கியை விலகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நிதானமாகப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் இறக்கிவிட்டு இசக்கியை நிமிர்ந்து பார்த்தார்.

"நூத்தி அறுபத்தெட்டு. நூத்தி நாலு."

சிஸ்டர் தன் கையைத் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டார், வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி.

"தலைவலி இருந்தது," என்றார். "நீங்க எல்லாரும் மாத்தி மாத்திப் பாத்து நூத்திருபதுன்னு சொன்னீங்க. வெயில்னு நெனச்சேன்."

பதினாலு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

இசக்கி பார்க்கவில்லை. அவள் பட்டையைக் கழற்றி, மீதிக் காற்றை அமுக்கி வெளியேற்றி, சுருட்டிப் பெட்டியில் வைத்தாள். பெட்டியை மூடினாள்.

"சிஸ்டர், எந்திரிங்க."

"எங்கே?"

"உங்க ரூமுக்கு. படுக்கணும்."

"பட்டியல்ல கையெழுத்துப் போடணும்மா."

"சார் போடுவாவ. சார், டாக்டருக்குப் போன் பண்ணிக் கேளுங்க, எப்ப கூட்டிட்டு வரட்டும்னு. ஜெபக்கனி, நீ போயி ஆட்டோ சொல்லி வையி. மிச்சப் பேரு சத்தம் போடாம வெளிய போங்க."

எல்லாரும் போனார்கள். ஞானதுரையும் போனார். வாசலைத் தாண்டிய பிறகுதான், தனக்கு உத்தரவு போட்டது யார் என்று அவருக்கு உறைத்தது.

*

சிஸ்டரின் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இசக்கி அவரைப் படுக்கவைத்து, மின்விசிறியைப் போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கதவு தட்டாமலே திறந்தது.

"சிஸ்டர், கரண்ட் கணக்கெடுக்க ஆள் வந்திருக்கு..."

"சார்ட்ட போய்ச் சொல்லுட்டி," என்றாள் இசக்கி.

கதவு மறுபடி திறந்தது.

"சிஸ்டர், போன மாசம் நான் நூத்திருபதுன்னு சொன்னது..."

"அழணும்னா மரத்தடியில போயி அழு. அப்புறமா வா."

சிஸ்டர் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"பாவம், அவகிட்ட ஒரு வார்த்தை..."

"சிஸ்டர்."

சிஸ்டர் படுத்துக்கொண்டார்.

கதவு மூன்றாவது தடவை திறந்தது. ஞானதுரை.

"டாக்டர் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லிட்டார். பட்டியல்லயும் கையெழுத்துப் போட்டாச்சு, பதினஞ்சு பேருக்கும்."

"சரி சார்."

அவர் போகவில்லை.

"சிஸ்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி இருக்கு."

இசக்கி ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தாள். வாசலை அடைத்து நின்றாள். அவளுக்கு அவருடைய தோள் உயரம்தான்.

"நோயாளி ஓய்வுல இருக்காவ சார்."

"ரெண்டு நிமிஷம் ஆகாது."

"கேள்வி எங்கயும் ஓடிப் போகாது சார்."

கட்டிலில் சிஸ்டர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது.

ஞானதுரை இசக்கியைப் பார்த்தார். இருபத்தோரு வருடத்துப் பழக்கம், குதிகால்கள் இரண்டும் தாமாகச் சேர்ந்துகொண்டன.

"சரிம்மா," என்றார்.

இசக்கி கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.